சூளைக்கு டிரைவர் கிடைக்கவில்லை

மெஷினையும் கம்ப்யூட்டரையும் பேச வைக்கும் மென்பொருளுக்கு எங்கள் தொழிலில் டிரைவர் என்று பெயர். செய்த கம்பெனி விவரம் சொல்ல வாயே திறக்காத மெஷினுக்கு அதைத் தேடுகிற பிழைப்பு, கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட பிழைப்புதான். நீங்களும் இதில் மாட்டியவர் என்றால் உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

ஆள் வந்தாச்சு

எங்கள் ஊர் ஆயர் ஈத்தாமில் பானைப் பட்டறை வைத்திருக்கும் லெட்சுமி அக்காவின் பழைய கம்ப்யூட்டர், பொங்கல் நெருங்கும் நேரத்தில் மண்டையைப் போட்டது. மின்சூளையின் சூட்டை அதுதான் பார்த்துக்கொண்டது. நான் லினக்ஸ் போட்ட புதுசை வைத்தேன். சூளையின் கட்டுப்பாட்டுப் பெட்டி அதனோடு பேச மாட்டேன் என்றது. "டிரைவர் இல்லக்கா, அதான் ஓடல" என்று போனில் சொன்னேன். மறுநாள் பட்டறை வாசலில் அக்காவின் மச்சான் நின்றார். எல்லை தாண்டி சிங்கப்பூருக்கு ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறவர், லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

"பஸ் லைசென்ஸ் இருக்கு தம்பி. எந்த வண்டி?"

ரகசியம்லா

பெட்டி செய்த கம்பெனிக்குப் போன் போட்டேன். எந்த எண்ணை அனுப்பினால் பெட்டி என்ன செய்யும், அவ்வளவுதான் கேட்டேன். கோயிலுக்குக் கொடுக்க வேண்டிய பொங்கல் பானை முழுக்க இந்த ஒரே சூளையில்தான் வேக வேண்டும். மறுமுனையில் பேசிய தமிழ்ப் பெண் ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்.

"அது ரகசியம்லா சார், எங்களுக்கே காட்ட மாட்டாங்க."

தொடாதே

வெளிநாட்டில் ஒரு புண்ணியவான் ஊகத்திலேயே எழுதி இணையத்தில் போட்ட டிரைவர் கிடைத்தது. அதன் நடுவில் ஓர் எண்; பக்கத்தில், 'எதற்கென்று தெரியவில்லை, தொடாதே' என்று குறிப்பு. நானும் தொடவில்லை. சூளை ஓடியது, திரையில் சூடு ஒழுங்காக ஏறியது. ஆறியபின் அக்கா ஒரு பானையில் தண்ணீர் ஊற்றினார். அடி கரைந்து சேறாகக் கொட்டியது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வெடிக்கல, ஆனா வேகவும் இல்ல. கோயிலுக்கு நான் என்னா பதில் சொல்றது?"

தொட்டேன்

அலமாக், ஐயோ, ஓடிப்போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். திரையைப் பார்த்தால், ஆறிப்போன சூளை எண்பத்தாறு டிகிரி என்கிறது. கையை உள்ளே விட்டேன், சுடவே இல்லை. 'தொடாதே' என்றிருந்த அந்த எண்ணை மாற்றினேன். எண்பத்தாறு முப்பதானது. பாவி, பெட்டி இவ்வளவு நேரமும் ஃபாரன்ஹீட்டில் பேசியிருக்கிறது, நான் செல்சியஸ் என்று நம்பியிருக்கிறேன்! பானைகளுக்குப் பாதிச் சூடுதான் போயிருக்கிறது. மீதியை மறுபடி சூளையேற்றினோம். திறக்கும்போது பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அக்கா ஒரு பானையைத் தட்டினார், கிண்ணென்றது.

"கண்ணத் தொற தம்பி, பொங்கல் உண்டு!"

கண்டுபிடித்ததை நாலு பேருக்கு உதவட்டும் என்று இணையத்தில் போட்டேன். இப்போது அந்தக் கம்பெனியே, சந்தேகம் கேட்கிறவர்களுக்கெல்லாம் என் போன் நம்பரைத்தான் கொடுக்கிறது.