பால்கனியில் ஒரு கதவு

தங்கை உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்து வந்ததும், வடக்கே சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் அவள் அறைக் கதவை அப்பா கழற்றிப் பால்கனியில் சாய்த்துவிட்டார். அதன்பின் அவள் எங்களோடு பேசவேயில்லை.

மருத்துவமனையிலிருந்து வாரந்தோறும் ஓர் ஆலோசகர் வீட்டுக்கு வந்தார். சேலைமேல் ஆண்கள் ஸ்வெட்டர், சாக்ஸின் மேல் செருப்பு, பனியில் நனைந்த நெற்றிமுடி. நேரே பால்கனிக்குப் போய், சாய்ந்திருக்கும் கதவைத் தட்டுவார்.

"உள்ள வரலாமா?"

அங்கேயே பிரம்பு மோடாவில் உட்கார்ந்து வெயில் காய்வார்.

அம்மாவுக்குத் தாங்கவில்லை. "கதவுதான் இல்லையே மேடம், நேரா உள்ள போங்களேன்."

"நான் போயிடலாம்ங்க. அவ கூப்பிடணுமே?"

ஒருநாள் மூடுபனி பால்கனிக்குள்ளேயே வந்து நின்றது. அவர் வழக்கம்போலத் தட்டினார். அறைக்குள் சிரிப்புச் சத்தம்.

"அரே ஆன்ட்டி, அங்க யாருமே இல்ல. நான் இங்க இருக்கேன்."

"அச்சா! அப்ப வரலாமா?"

"ஆயியே, வாங்க."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அழுதாள்.

நான் இஞ்சினியர். கீல் கழன்ற கதவு வெறும் பலகை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் தட்டும்போதெல்லாம் அதற்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. எப்படி என்று இன்னும் விளங்கவில்லை.