நாகல் நகரிலிருந்து வேடசந்தூர் வழியாக ஒரு டீசல் விசாரணை

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்குத் திண்டுக்கல் நாகல் நகர் வீட்டிலிருந்து கிளம்பினோம். கோயில் இல்லை, கல்யாணம் இல்லை. லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த எங்கள் டீசல் கார் ஏன் பன்னிரண்டில் வந்து நிற்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் இந்தப் பயணம். என் கணவரைப் பொறுத்தவரை கண்டுபிடிக்க ஒன்றும் பாக்கியில்லை. குற்றவாளி நான்.

வேடசந்தூரில் ஒரு பள்ளியில் எனக்கு ஆசிரியை வேலை. எட்டு மாதமாக நான்தான் காரை எடுத்துப் போகிறேன். அதே எட்டு மாதமாகத்தான் மைலேஜும் குறைந்திருக்கிறது. "கிளட்ச்சுல கால வச்சுக்கிட்டே ஓட்டுற, வேற என்ன" என்று அவர் தோசை சாப்பிடும்போதும் சொல்வார், தொலைக்காட்சி விளம்பர இடைவேளையிலும் சொல்வார். போன வாரம் தீர்ப்பே வந்துவிட்டது. திங்கள் முதல் நான் பஸ்ஸில் போக வேண்டும், கார் வீட்டில் நிற்கும். பஸ் எனக்கு ஒன்றும் புதிதில்லை. ஆனால் ஓட்டத் தெரியாதவள் என்ற பெயரோடு பஸ் ஏற எனக்கு மனம் வரவில்லை. வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் என்று ஒரு சுற்று போய் ஆளுக்குக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று சவால் விட்டேன். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

ஏழு மணி. ஊரைத் தாண்டும் முன் ஒரு பங்கில் டேங்க்கை முழுதாக நிரப்பினோம். லிட்டர் தொண்ணூற்று மூன்று ரூபாய் சில்லறை. ஒட்டன்சத்திரம்வரை அவர் முறை. கரூர் சாலையில், ஓட்டுவது வண்டிக்கே தெரியக் கூடாது என்பதுபோல அவ்வளவு மென்மையாக ஓட்டினார். மில் பஸ்கள் எங்களை முந்தின. ஒரு சைக்கிள்கூட முந்தியதாக எனக்கு ஞாபகம். அவர் மறுக்கிறார்.

ஏழு நாற்பதுக்கு வேடசந்தூர். இருபத்து மூன்று கிலோமீட்டர். என் பிறந்த வீட்டு வாசலில் அப்பா சட்டைப் பையில் பேனா, கையில் நோட்டோடு தயாராக நின்றார். நூல் மில்லில் முப்பது வருடம் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையாவது அளக்கப் போகிறோம் என்றால் அவருக்குப் பசி எடுக்காது. பள்ளி நாட்களில் கார் அவர் வீட்டு வாசலில்தான் நிற்கும், துடைப்பதும் கழுவுவதும் அவர்தான். அவரை நடுவராக வைத்துக்கொண்டோம். மைலேஜ் சோதனை என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும். யார் யாரைக் குற்றம் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. புருஷனைப் பற்றிப் பிறந்த வீட்டில் வாய் திறக்கும் பழக்கம் எனக்கில்லை.

"மாப்ள, மூணாவது கியர்லயே போறீக. நாலு போடலாம்ல" என்றார் அப்பா, பின் சீட்டிலிருந்து பணிவாக.

"இழுக்க மாட்டேங்குது மாமா" என்றார் இவர், அதைவிடப் பணிவாக.

இவர்கள் இருவரும் பேசிக்கொள்வதைக் கேட்டால் யாரோ புதுச் சம்பந்தம் பேச வந்திருக்கிறார்கள் என்று நினைப்பீர்கள். பதினோரு வருடமாக இப்படித்தான்.

ஒட்டன்சத்திரம் போய்ச் சேர ஒன்பதரை ஆனது. மார்க்கெட்டிலிருந்து தக்காளி லாரிகள் வந்தபடி இருந்தன. பங்கில் தரை சரிந்திருக்கிறது என்று அப்பா காரை இரண்டு முறை நகர்த்தச் சொன்னார். டீசல் போட வந்த பெண்மணி குழாயைப் பிடித்தபடி, "ஏனுங்க, நாலு லிட்டரு போடறதுக்கா இத்தன ரோசனைங்க?" என்று கேட்டார். அப்பா நோட்டில் எழுதினார். ஐம்பத்தாறு கிலோமீட்டர், நாலரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல். லிட்டருக்குப் பன்னிரண்டு. என் கணவர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

அங்கிருந்து திண்டுக்கல்வரை முப்பத்து நான்கு கிலோமீட்டர் நான் ஓட்டினேன். இரண்டு பக்கமும் தென்னந்தோப்பும் முருங்கைத் தோட்டமும் மாறி மாறி வந்தன. மேட்டில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் கண்ணாடியில் கறுப்புப் புகை தெரிந்தது. திண்டுக்கல் பங்கில் நிரப்பினோம். பன்னிரண்டரை. அரை கிலோமீட்டர் எனக்கு அதிகம்.

"ரெண்டு பேரு ஓட்டுனாலும் ஒண்ணுதேன். நோவு வண்டிக்குள்ள இருக்கு" என்று நடுவர் நோட்டை மூடினார்.

சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குப் பேகம்பூர் போனோம். பள்ளிவாசலுக்குப் பின் தெருவில் மெக்கானிக் இப்ராகிம் பாயின் பட்டறை. அவர் காரைச் சுற்றி வந்தார், புகையைப் பார்த்தார், பானெட்டைத் திறந்து முன் கிரில்லுக்குப் பின்னால் கையை விட்டார். கை உள்ளேயே சற்று நேரம் நின்றது. வெளியே வந்தபோது அதில் நாலு மடிப்புக் காடாத் துணி இருந்தது. மண்ணும் பஞ்சும் அப்பி, பிழிந்து காய்ந்த சாக்குபோல விறைத்திருந்தது. ஓரத்தில் மில் கோன் நூலால் அழகான முடிச்சு.

"காத்து போற வாயில கட்டிருக்கு. இத யாரு கட்டுனது?"

அந்த முடிச்சைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. சின்ன வயதில் என் பள்ளிக்கூடப் பைக்கு வார் அறுந்தால் அந்த முடிச்சுதான் விழும். என் பெயரைக் காப்பாற்ற அப்பாவைக் காட்டிக் கொடுப்பதா?

"நாந்தேன்" என்றார் அப்பா. குரலில் பெருமை. "மில்லு ரோட்டுல அம்புட்டும் பஞ்சு பறக்குது பாய். எஞ்சினுக்குள்ள போயிருமேன்னு கட்டுனேன். வாரத்துக்கு ஒரு தரம் நனச்சுப் பிழிஞ்சு ஈரமாத்தேன் கட்டுவேன். ஈரத்துலதேன் பஞ்சு ஒட்டும். மில்லுல மோட்டாருக்கெல்லாம் அப்படித்தேன் செஞ்சோம்."

பாய் துணியை மெதுவாகக் கீழே வைத்தார். "அய்யா, உங்க மோட்டாரு குளுமைக்குத்தேன் காத்து வாங்குச்சு. இது காத்தக் குடிச்சாத்தேன் டீசல் எரியும். மூக்கப் பொத்திக்கிட்டு மலை ஏறுன மாதிரி எட்டு மாசம் ஓடிருக்கு. நல்ல வண்டி."

அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே மாமா" என்றார் என் கணவர்.

"மாப்ள வண்டியில நான் கை வச்சேன்னு எப்படிச் சொல்றது? நீங்களும்தேன் மைலேஜ் கொறஞ்சத எங்கிட்டச் சொல்லல."

"உங்க மகளக் குத்தம் சொல்ற மாதிரி இருக்குமேன்னு..." பாதியில் நிறுத்திக்கொண்டார். நின்ற இடம்தான் சரியில்லை.

அப்பா என் பக்கம் திரும்பினார். "உன்னையவா சொன்னாக?"

"லேசா" என்றேன். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மாமனாராயிற்றே என்று ஒருவர் சொல்லவில்லை, மாப்பிள்ளையாயிற்றே என்று ஒருவர் சொல்லவில்லை, மகளாயிற்றே என்று நானும் சொல்லவில்லை. மூன்று பேரின் மரியாதைக்கும் சேர்த்து அந்தக் கார் மூச்சு முட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

பாய் பில்டரை மாற்றிக் கொடுத்தார். அப்பாவைக் கொண்டுபோய் விட மூன்றரைக்குக் கிளம்பினோம், நான்தான் ஓட்டினேன். கார் ஓடுவதே தெரியவில்லை, மேடெல்லாம் நாலாவது கியரிலேயே ஏறியது. வேடசந்தூரில் இறங்கிய அப்பா என் பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒன் வண்டி நல்லா ஓடணும்னுதேன் கட்டுனேன். ஒன் பேரக் கெடுத்துட்டேனே ஆத்தா" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்த உலகத்தில் என் காருக்கு நனைத்த துணி கட்டிவிட வேறு யார் இருக்கிறார்கள்?

ஐந்தரை மணிக்குத் திண்டுக்கல் பங்கில் கடைசியாக நிரப்பினோம். போக வர நாற்பத்தாறு கிலோமீட்டர். இரண்டரை லிட்டர். அவர் கணக்கைப் போட்டார். லிட்டருக்குப் பதினெட்டுக்கு மேல். பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

"எட்டு மாசமா உன்னயே குத்தம் சொல்லிட்டேன்" என்றார் அவர், முன் கண்ணாடியைப் பார்த்தபடி.

பரவாயில்லை என்றுதான் வழக்கமாகச் சொல்வேன். நாக்கு நுனிவரை வந்தது.

"ஆமாங்க, சொன்னீங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.