கூரைக்கு உள்ளே நின்றவர்

பேய், பிசாசு என்று எவராவது கதை தொடங்கினால் இடைமறித்து மூன்று கேள்விகள் கேட்பது என் வழக்கம். எத்தனை மணிக்கு? எவ்வளவு வெளிச்சத்தில்? எத்தனை பேர் கண்டார்கள்? இந்த மூன்றையும் தாண்டி உயிர் தப்பிய பேயை நான் சந்தித்ததில்லை. ஆகவே நீங்கள் கேட்பதற்கு முன்னர் நானே சொல்லிவிடுகிறேன். மாலை நான்கு மணி. ஆவணி மாதத்து வெயில், ஒரு புல்லின் நுனியைக்கூடப் பிரித்துக் காட்டும் வெளிச்சம். கண்டவர் எவருமில்லை, நானும் காணவில்லை. ஆனால் என் இரண்டு கைகளும் அதை உணர்ந்தன. நம்புவதும் விடுவதும் உங்கள் உரிமை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

எண்பத்திரண்டாம் ஆண்டு. மாங்குளத்தில் எங்கள் வாசிகசாலையின் ஆண்டு விழா. ‘ஊரை விட்டுப் போவது வளர்ச்சியா, வீழ்ச்சியா?’ என்று பட்டிமன்றம். வீழ்ச்சியே என்று வாதிட்ட அணிக்கு நான் தலைவன். எதிரணித் தலைவன் தவராசா, என் வகுப்புத் தோழன். எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் காணிக்கு வந்து வயல் செய்கிற குடும்பம் என்பது அவனுக்குத் தெரியும். அதையே எடுத்து என்மேல் எறிந்தான்.

“இவற்ற அப்பர் ஊரை விட்டு வராட்டில், இவர் இண்டைக்கு இந்த மேடையில நிண்டு கத்தியிருப்பாரோ?”

சபை குலுங்கிச் சிரித்தது. அந்தச் சிரிப்பை என் பக்கம் திருப்பியாக வேண்டும் என்ற வெறியில் நான் எழுந்தேன். நெடுங்கேணிப் பக்கத்துக் காட்டோரத்தில் ஒரு குடியேற்றம் இருக்கிறது என்றேன். எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து அடிபட்டு வந்த முப்பது குடும்பங்கள் வெறுங்கையோடு காடு வெட்டிய மண் அது என்றேன். இன்று அங்கே பிள்ளைகளின் குரல் இல்லை, நரைத்த தலைகள் மட்டுமே உண்டு, அவர்களுடைய கூரை இந்த மாரியைத் தாங்காது என்றேன். “அந்தக் கூரையை வேய்ந்து கொடுக்க இந்த மன்றத்திலிருந்து இருபது இளைஞர்கள் புறப்படுவோம்!” என்று முழங்கினேன். கைதட்டல் அடங்குவதற்கு நேரமாயிற்று. நாங்கள் வென்றோம்.

மறுநாள் காலை எங்கள் வாசற் படலையில் ஒரு முதியவர் நின்றார். பெயர் முத்தையா என்றார்.

“தம்பி, நேத்து வெத நெல்லு வாங்க வந்தேன், பஸ்ஸ விட்டுட்டு உங்க பேச்சக் கேட்டேன். ரொம்ப நல்லா இருந்திச்சிங்க. எப்ப வாறீங்கன்னு கேட்டுட்டுப் போகலாமுன்னுதான்...”

“எதுக்கு ஐயா?” என்று கேட்டேன். அப்படிக் கேட்டதை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

“கூர வேயத்தாங்க. இருபது பேரு வேணாம், அம்புட்டுப் பேருக்குச் சோறு பொங்கச் சட்டி இல்ல. நாலு பேரு போதும்.”

அந்த முப்பது குடும்பங்களில் எஞ்சியிருந்தவர்கள் அவரும் அவர் மனைவி லெட்சுமியும் மட்டுமே. இரண்டு போகம் மழை பொய்த்ததும் இளையவர்கள் யாழ்ப்பாணத்து வெங்காயத் தோட்டங்களுக்கும் கொழும்புக் கடைகளுக்கும் போனார்கள். பிறகு அவர்களைத் தேடிப் பெரியவர்களும் போனார்கள். தர்மபுரத்தில் மகளைக் கட்டிக் கொடுத்திருந்தார். மழைக்கு முன் கூரை வேயாவிட்டால் டிராக்டர் கொண்டுவந்து இருவரையும் ஏற்றிப் போய்விடுவதாக மருமகன் சொல்லிவிட்டானாம்.

“நல்ல மனுசந்தாங்க, கொற சொல்ல மாட்டேன். ஆனா எங்க மவன் சிவலிங்கம் கொழும்புல சாப்பாட்டுக் கடையில நிக்கிறான். தைக்குப் பொறகு ஒரு கடுதாசி இல்ல. கடையும் மாறிட்டானாம், எங்கன்னு தெரியல. அவனுக்குத் தெரிஞ்சது இந்த வீடு ஒண்ணுதான். நாங்க போயிட்டா, அவன் வந்தா எங்குட்டு வருவான்? காடு மூடிக்கிட்ட எடத்துக்கா?”

அன்றைக்கே மற்றப் பத்தொன்பது பேரிடமும் போய்க் கேட்டேன். ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருவனுக்கு நேர்முகத் தேர்வு, மற்றவர்களுக்கு வயல். வந்தவன் ஒருவனே. யார் என்கிறீர்கள்? தவராசா! சைக்கிளின் பின்னால் என்னை ஏற்றிக்கொண்டு வழி நெடுகச் சிரித்தபடி வந்தான்.

“தலைவர், மிச்சம் பதினெட்டுப் பேரும் பின்னால பஸ்ஸிலயோ வருகினம்?”

“வாயை மூடிக்கொண்டு மிதியடா.”

அந்தக் குடியேற்றத்தைக் கண்டபோது என் பேச்சில் நான் பயன்படுத்திய சொற்கள் எனக்கே கூசின. ஒழுங்கையின் இருபுறமும் வீடுகள். கூரைகள் உள்ளே விழுந்திருந்தன, மண்சுவர்கள் மட்டும் நின்றன. கிணறுகளின் வாயில் கொடி படர்ந்திருந்தது. எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. காரணமில்லாமல் எழுந்து நடந்தேன், திரும்பி வந்தேன். தவராசாவும் அன்று அதிகம் பகிடி விடவில்லை.

வேலை முறையை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் முழுச் சங்கதியும் அதில்தான் நிற்கிறது. குளத்தோரம் அறுத்த இலுக்குப் புல்லைப் பழைய கூரையின் மேலேயே பரப்பி வேய்கிறோம். மேலே இருப்பவர் நீண்ட மர ஊசியில் கயிற்றைக் கோத்துப் புல்லின் ஊடே உள்ளே குத்தி இறக்குவார். வீட்டுக்குள்ளே நிற்பவர் அந்தக் கயிற்றைக் கூரையின் உட்புறம் குறுக்கே ஓடும் வரிச்சுத் தடியைச் சுற்றி எடுத்து, ஊசியில் கோத்து மறுபடி மேலே தள்ளி, ‘சரி’ என்பதற்கு அடையாளமாகக் கயிற்றை இரண்டு தரம் சுண்டுவார். அதன்பின் மேலே இருப்பவர் இழுத்து முடிச்சுப் போடுவார். உள்ளே ஒரு ஆள் இல்லாமல் ஒரு கட்டுக்கூடப் போட முடியாது. உள்ளே நிற்பவர் பேசவும் மாட்டார். பழைய புல்லின் தூசு மழைபோலக் கொட்டும் என்பதால் தலையையும் வாயையும் சேர்த்துத் துண்டால் கட்டியிருப்பார். மேலே நான், உள்ளே முத்தையா, கீழிருந்து புல்லுக் கட்டை எறிபவன் தவராசா. இரண்டு நாள் இப்படியே போயிற்று. மூன்றாம் நாள் பின்புறச் சரிவு மட்டும் மிச்சம்.

அன்று காலை லெட்சுமி அம்மா தபாற் கந்தோருக்குப் போயிருந்தா. ஒரேயொரு வீட்டுக்காக அவ்வளவு தூரம் வரத் தபாற்காரர் மறுத்துவிட்டதால், கிழமைக்கு இரண்டு தடவை நான்கு கட்டை தூரம் நடந்துபோய் மகனின் கடிதம் வந்ததா என்று கேட்டுவிட்டு வருவது அவாவின் வழக்கம். மத்தியானச் சாப்பாடு முடிந்தும் வந்துசேரவில்லை. நான் குளத்துக்குக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது வீட்டு வளவு அமைதியாக இருந்தது. சைக்கிளைக் காணவில்லை. தவராசா பீடி வாங்கப் போயிருப்பான், முத்தையா உள்ளே எனக்காகக் காத்திருப்பார் என்று எண்ணினேன். மிச்சப் புல் முழுவதும் காலையிலேயே மேலே ஏற்றப்பட்டிருந்ததால் கீழே ஆள் தேவைப்படவில்லை. வீட்டின் பின்பக்கத்து ஏணியால் ஏறினேன்.

“ஐயா, நிக்கிறியளோ? துவங்குவமோ?”

பதில் இல்லை. வாயைக் கட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். ஊசியைக் குத்தி இறக்கினேன். ஒரு மூச்சு நேரம் கழித்து ஊசி மேலே வந்தது. இரண்டு சுண்டல். நான் முடிச்சுப் போட்டேன்.

இப்படி ஒன்றல்ல, இரண்டல்ல. நான்கு வரிசை கட்டினோம். கட்டினோம் என்று பன்மையில் சொல்வதற்கே தயக்கமாக இருக்கிறது, ஆனால் வேறு எப்படிச் சொல்வேன்? காலையைவிட வேலை விரைவாக நடந்தது. முத்தையா சில வேளை ஊசியைத் தவறவிடுவார், இருமுவார். அன்று பின்னேரம் ஒரு தவறும் இல்லை, ஓர் இருமலும் இல்லை. கிழவருக்கு மத்தியானச் சோறு நல்ல தெம்பு கொடுத்திருக்கிறது என்றுகூட எண்ணிச் சிரித்தேன். அவருடைய மகன் ஒரு நாள் இந்த ஒழுங்கையால் வந்து, கூரையோடு நிற்கும் ஒரே வீட்டைக் கண்டுபிடிப்பான் என்று மனதுக்குள் ஒரு சொற்பொழிவே நிகழ்த்திக்கொண்டிருந்தேன்.

கடைசிக் கட்டு. ஊசியை இறக்கினேன். உள்ளே பற்றிக்கொண்டார்கள். கயிறு இறுகியது. காத்திருந்த நேரத்தில் தலையை உயர்த்தி முகட்டுக்கு மேலால் ஒழுங்கையைப் பார்த்தேன்.

தவராசா சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிறான். பின்னிருக்கையில் லெட்சுமி அம்மா. கரியரைப் பிடித்தபடி பின்னால் நடந்து வருகிறார், முத்தையா.

கயிறு என் கையில் இறுகியபடியே இருந்தது.

நான் கூவவில்லை. மெல்ல இழுத்துப் பார்த்தேன். மறுபக்கம் பாரமாக இருந்தது, உயிருள்ள கைக்கே உரிய அந்தப் பாரம், நாம் இழுத்தால் சற்று இளகி, விட்டால் மறுபடி இறுகும் பாரம். பிறகு ஊசி மேலே வந்தது. இரண்டு சுண்டல். அதற்குப் பின், தூங்கும் குழந்தையின் கையிலிருந்து விரலை விடுவித்துக்கொள்வதுபோல அவ்வளவு மெதுவாக, கயிறு தளர்ந்தது.

எப்படி இறங்கினேன் என்பது நினைவில்லை. முன்வாசலுக்கு ஓடினேன். கதவு வெளியே கம்பியால் முறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

“குரங்கு பூந்திருமுன்னு நாந்தாங்க கட்டிட்டுப் போனேன்,” என்றார் முத்தையா, வந்து சேர்ந்ததும். “இவளக் காணோமுன்னு இந்தத் தம்பியோட தேடிப் போனோம். வழியில கால் பெரண்டு குந்திக்கிட்டு இருந்தா. நீங்க குளிச்சிட்டுப் படுத்திருப்பீங்கன்னு நெனச்சேன்.”

அவரே கம்பியை அவிழ்த்தார். அந்த வீட்டுக்கு ஒரே கதவு, யன்னல் இல்லை. உள்ளே எவருமில்லை. அண்ணாந்து பார்த்தேன். நான்கு வரிசைக் கட்டும் வரிச்சுத் தடிகளைச் சுற்றி ஒழுங்காக இருந்தன. தரை முழுவதும் கறுத்த தூசும் புல்துகளும் விரல் உயரத்துக்குக் கொட்டிக் கிடந்தன. கடைசிக் கட்டுக்கு நேர் கீழே மட்டும், ஒரு மனிதனின் தலையும் தோளும் மறைக்கக்கூடிய அளவில், தரை துப்புரவாக இருந்தது. அந்தத் தூசை ஏதோ ஒன்று தன்மேல் ஏந்தியிருக்க வேண்டும். ஏந்தியதைக் கொண்டு எங்கே போயிற்று? கதவுவரை ஒரு துகளும் சிந்தவில்லை.

“தம்பி, பின்பக்கம் முடிஞ்சிருச்சே! உள்ள யாரு நின்னது?” என்று லெட்சுமி அம்மா கேட்டா.

தவராசா என்னைப் பார்த்தான். நான் யோசித்தது இதைத்தான்: உண்மையைச் சொன்னால், கடிதமில்லாத அந்தத் தாய் அடுத்து யாரை நினைப்பா? மருமகனின் டிராக்டரே தேவையில்லை, அன்றைக்கே அவா உடைந்துபோவா.

“ரோட்டால போன ஒருத்தர் அம்மா. கேட்டன், நிண்டு உதவினவர். பிறகு போயிட்டார்.”

கட்டியிருந்த கதவினூடே அவர் எப்படிப் போனார் என்று முத்தையா கேட்கவில்லை. அவருடைய கண்கள் மட்டும் கம்பியில் ஒரு கணம் நின்றன.

“சோறு குடுத்தீங்களா?” என்றா லெட்சுமி அம்மா. “ஐயய்யோ, கூர வேஞ்ச மனுசன வெறும் வயித்தோட அனுப்பலாமா?” என்று கால் நோவையும் மறந்து உலை வைத்தா. ஒரு பங்கை வேறாகப் போட்டுக் கிண்ணத்தால் மூடி வாசலில் வைத்தா. காலையில் அது அப்படியே இருந்தது. உதவியவர் சோற்றுக்காகத் திரும்பி வரவில்லை என்பதே அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல்.

திரும்பி வரும்போது தவராசாவிடம் நடந்ததைச் சொன்னேன். குரங்கு என்றான். குரங்கு ஊசியில் கயிறு கோக்குமா என்றேன். நீ மயங்கியிருப்பாய் என்றான். மயங்கியவன் நான்கு வரிசை வேய்வானா என்றேன். அதற்குப் பிறகு இருவருமே வாதிடவில்லை. ஆனால் கயிறு தளர்ந்த விதத்தை அவனுக்கும் நான் சொல்லவில்லை.

அந்த மாரி கடும் மாரி. கூரை ஒழுகவில்லை. டிராக்டர் வரவில்லை. தைப்பொங்கலுக்கு மறுநாள் முத்தையா ஆள் விட்டு எங்கள் இருவரையும் அழைத்தார். போனோம். வாசலில் சிவலிங்கம் நின்றான்!

ஆம், உயிரோடுதான். நீங்கள் வேறொன்றை எதிர்பார்த்திருப்பீர்கள், நானும் அதையே அஞ்சியிருந்தேன். கடை மாறியிருக்கிறான், நெருப்புக்காய்ச்சலில் கிடந்திருக்கிறான், வெறுங்கையோடு கடிதம் எழுத வெட்கப்பட்டிருக்கிறான். இருட்டில் பஸ்ஸால் இறங்கி, எல்லா வீடும் விழுந்து கிடப்பதைக் கண்டு திரும்பிவிட எண்ணியபோது, புதுப் புல்லுக் கூரை ஒன்று நட்சத்திர வெளிச்சத்தில் தெரிந்ததாம். லெட்சுமி அம்மா அவன் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தா.

மூன்று நாளில் அவன் மறுபடி கொழும்புக்குப் போகவேண்டும். கிணற்றடியில் தனியே அகப்பட்டபோது, ஒளிக்க மனமில்லாமல் அவனுக்கு மட்டும் சொன்னேன். சுருக்கமாகவே சொன்னேன்: உள்ளே ஒருவரும் இல்லை, ஆனால் நான்கு வரிசைக்கும் ஊசி திரும்பி வந்தது.

அவன் சிரிப்பான், அல்லது திடுக்கிடுவான் என்று பார்த்தேன். இரண்டும் இல்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

“அண்ணே, கடைசியில கயிற மெதுவாத்தானே விட்டிச்சு?”

“ஓம்,” என்றேன். அதை நான் அதுவரை எவருக்கும் சொல்லியிருக்கவில்லை.

“அப்பச் சரி. மொதல்ல இந்தக் கூர வேஞ்சப்ப எனக்கும் அப்புடித்தான் விட்டிச்சு,” என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு, தாய் கூப்பிட்ட பக்கம் போய்விட்டான்.