தார் ஊற்றக் கிளப்பிய கற்கள்

தார் போட்டுவிட்டால் ரோட்டு உலகம் அழியும்வரை கிடக்கும் என்று நம்பியவன் நான். சிரிக்காதேங்கோ. நெடுந்தீவில் பிறந்தவனுக்குத் தார் என்பது பட்டணத்துச் சாமான். இன்றைக்கு இந்தப் பட்டணத்தில் என் வீட்டு வாசலில் பீப்பாய் வைத்துத் தார் காய்ச்சுகிறார்கள். அந்த மணம் மூக்கில் ஏறியதிலிருந்து எவனையாவது பிடித்து ஏசவேண்டும் போலிருக்கிறது.

தீவில் எங்களுடைய ரோட்டு ஒல்லாந்தர் காலத்தது என்பார்கள். முருகைக்கல்லைக் குத்திட்டு நிறுத்தி, நெருக்கி அடுக்கியது. வண்டில், குதிரை, ஷெல் எல்லாவற்றையும் தாங்கியது. குற்றம் ஒன்றுதான்: உழவு இயந்திரம் இழுக்கும் பெட்டியில் ஏறிப் போனால் குடல் வாய்க்கு வரும். அங்கே பெட்டிதான் பஸ், பெட்டிதான் அம்புலன்ஸ்.

சண்டை ஓய்ந்து சமாதானம் வந்த கையோடு ரோட்டுப் போடும் கொந்திராத்துக்காரர் ஒருவரும் வந்தார்.

"பழங்கல்லுக்கு மேலை தார் பிடிக்காது. கிளப்பித் தாங்கோ, கெதியாய் முடிச்சுத் தாறன்."

என் மனைவி அப்போது முழுகாமல் இருந்தாள். பிள்ளைப்பேற்றுக்கு அவள் குலுங்காமல் படகுத்துறைக்குப் போகவேண்டுமே! கல் நெம்பும் அலவாங்கோடு முதல் ஆளாய்ப் போய் நின்றேன். கல் லேசில் வரவில்லை. என் கைதான் கொப்பளித்தது. கிளப்பிய கல்லை அந்த மனிதர் வள்ளத்தில் ஏற்றி அக்கரையில் விற்றார். ஏற்றிக் கொடுத்ததும் நாங்கள், தேத்தண்ணி கொடுத்ததும் நாங்கள். வெறும் மணலுக்கு மேல் விரல் தடிப்பில் தார் வந்தது.

முதல் மாரிக்கே அது தோசை போலப் பிய்ந்தது. திறப்புவிழாவுக்குக் கட்டிய ரிபன் அதைவிடக் கனநாள் பனையில் கிடந்தது.

அந்த மழையில்தான் மனைவிக்கு வலி கண்டது. "பிள்ளையின்ரை கால் முன்னுக்கு நிக்குது, யாழ்ப்பாணம் கொண்டு போங்கோ" என்றார் மருத்துவிச்சி. அவளை ஏற்றிய அந்தோனி அண்ணையின் உழவு இயந்திரம் பாதி வழியில் அச்சுவரை புதைந்தது. குதித்துத் தள்ளினேன், சறுக்கி விழுந்தேன், புனித அந்தோனியாரையும் பிள்ளையாரையும் ஒரே மூச்சில் கூப்பிட்டேன்.

"தம்பி, நீர் முன்னுக்கு நிண்டெல்லே தள்ளுறீர்! பின்னுக்குப் போம்!" என்று கத்தினார் அந்தோனி அண்ணை.

பெட்டிக்குள்ளிருந்து மனைவி சொன்னாள்: "இஞ்சாருங்கோ, கத்தாதேங்கோ. பிள்ளை பெறப்போறது நான்."

இதுவரைக்கும் பகிடியாகச் சொல்லலாம். அந்த ரோட்டில் இப்போது தாரும் இல்லை, கல்லும் இல்லை.

பக்கத்து வீட்டுக் கதிரையில் இருத்தி, நாலு பேர் அவளைத் துறைக்குத் தூக்கிப் போனோம். அக்கரைக்குப் போகும் லோஞ்ச் போய்விட்டது. அடுத்தது வரும்வரை மழைக்குள் இருந்தோம். நடுக்கடலில் மகன் பிறந்தான், உயிரில்லாமல்.