ஞானதாசன் செய்து வைத்த சமாதானம்

திருவட்டாறு சாலையில் நாங்கள் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு ஞானதாசன்தான் நிர்வாக அதிகாரி. அதற்கு முன் திற்பரப்பில் வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி முதலாளியான டாக்டருக்குத் தூரத்துச் சொந்தம் என்ற தகுதியில் நாற்பது நர்ஸ்களுக்கு மேலாளரானார். திருவனந்தபுரத்தில் இரண்டு நாள் நிர்வாகப் பயிற்சிக்குப் போய் வந்ததற்கான தாளைச் சட்டம் போட்டு, தன் தலைக்கு மேலேயே மாட்டியிருந்தார்.

அவருடைய உண்மையான அதிகாரம் பின்னால் இருந்த இரும்பு பீரோ. எங்கள் எல்லோருடைய அசல் சான்றிதழ்களும் அதற்குள் கிடந்தன. லேபில் இருந்த என்னுடையதும்தான். அதனால் அவர் அடிக்கும் ஜோக்குக்கெல்லாம் நான் முதல் ஆளாகச் சிரிப்பேன். அந்த வெட்கத்தை மஸ்கட் வரைக்கும் சுமந்து வந்திருக்கிறேன்.

2011இல் நர்ஸ் ஷிஜிக்கு குவைத் விசா வந்தது. மாதக் கடைசிக்குள் அசல் சான்றிதழ்களைக் காட்டாவிட்டால் வேலை போய்விடும். ஞானதாசன் கொடுக்க மறுத்தார். காரணம் அபினா.

ஷிஜிக்கும் ஷைஜு என்பவனுக்கும் சர்ச்சில் இரண்டு ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தபின் கல்யாணம் நின்றது. அவன் அபினாவைக் கட்டினான். ஷிஜியும் அபினாவும் ஒரே வார்டில் நர்ஸ்கள்; இரண்டு வருடமாகப் பேச்சில்லை. ஞானதாசன் அதற்கு ‘கம்யூனிகேஷன் கேப்’ என்று பெயர் வைத்தார். நெருங்கட்டும் என்று இருவரையும் ஒரே ஷிஃப்டில் போட்டார். ஊசி டிரே பறந்தது. கிறிஸ்துமஸுக்கு ஒருவருக்கொருவர் கேக் ஊட்டச் சொன்னார். ஊட்டிய வேகத்தில் ஷிஜியின் உதடு கிழிந்தது. அதையும் போட்டோ எடுத்து டாக்டருக்குக் காட்டினார்.

இப்போது அவருக்குக் கடைசி வாய்ப்பு. “மனசுல பகையோட பிளைட் ஏறப்பிடாது மக்கா. ரெண்டுபேரும் சமாதானமா வாங்க, ஃபைல் தாறேன்” என்றார். ஷிஜி போய்விட்டால் சண்டையே இருக்காது என்பது அந்தத் தலைக்குள் நுழையவில்லை.

அபினாவின் தலைக்குள் உடனே நுழைந்தது. மறுநாள் லேப் வாசலில் ஷிஜியை மறித்தாள்.

“ஏட்டி, நீ போணுமா, வேண்டாமா?”

“போணும்.”

“எனக்கும் நீ போணும். வா, அவருக்க முன்னால பல்லைக் காட்டுவோம்.”

விடுப்புச் சீட்டு வாங்கும் சாக்கில் நானும் பின்னால் போனேன். இருவரும் கைகோத்து நின்றார்கள். ஞானதாசனுக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டருக்கு உடனே போன் போட்டுத் தன் சாதனையை அறிவித்தார். வைத்துவிட்டு, “இவ்வளவு பாசமாயாச்சு. பின்ன எதுக்குப் போணும்? இஞ்சயே இரி” என்றார்.

ஷிஜியின் முகத்தில் ரத்தமே இல்லை. கோத்த கையை விடாமல் அபினாதான் பேசினாள்.

“இவ இருந்தா நாளைக்கே நான் பழையபடி ஆயிருவேன் சார். டாக்டர் கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்.”

டாக்டர் என்ற சொல்லுக்கு அவர் நாற்காலியில் ஒரு சுற்றுச் சிறுத்தார். சாவியைத் தேடி எடுத்தார். பீரோ திறந்தது.

ஷிஜி ஒவ்வொரு தாளாகப் பார்த்து ஃபைலை மூடினாள். அபினாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் படி இறங்கினாள். அபினாவும் எதிர்பார்க்கவில்லை, ஊசி போடும் நேரமாகிவிட்டது என்று வார்டுக்குப் போனாள். ஞானதாசன் என்னைப் பார்த்து, “எல்லாம் திருவனந்தபுரம் டிரெய்னிங்குக்க பலனாக்கும்” என்றார்.

நான் தலையாட்டினேன்.