அக்கா வெட்டிய மெழுகுதிரிகள்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் எழுத என்னைக் கேட்க வேண்டாம், எழுத்திலும் சண்டை பிடிப்பேன் என்று அத்தானிடம் சொன்னேன். "அக்காவோட கடைசி வரைக்கும் சண்டை பிடிச்சது நீதானே, நீயே எழுது" என்றார். எழுதுகிறேன்.

அக்கா சண்டிலிப்பாயில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். ஐயா காலமானபோது அக்காவுக்குப் பதினெட்டு வயது. ஆசிரியையாகி எங்கள் நால்வரையும் படிக்க வைத்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் அத்தானோடு ஒக்லாந்து வந்தார். அவருடைய ஆசிரியப் பயிற்சியை இங்கே ஒருவரும் மதிக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சமையலறையில் பதினைந்து ஆண்டுகள் சூப் கிண்டினார். எனக்கு அது இன்றும் வயிற்றெரிச்சல். அவர் ஒரு நாளும் முறைப்பட்டதில்லை. பிறகு என்னையும் இங்கே கூப்பிட்டு, ஹில்ஸ்பரோ வீட்டில் ஓர் அறை தந்தார்.

ஊரில் போர் தொடங்கிய பிறகு தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாக இங்கு வந்து சேர்ந்தன. அநேகர் சைவர்கள். ஒருவரையும் தெரியாமல் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். அவர்களை நத்தாருக்கு, கிறிஸ்து பிறந்த நாளுக்கு, எங்கள் தேவாலய மண்டபத்துக்கு அழைத்து வரவேற்க வேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டார். தேவாலயக் குழுவில் மூன்று மாதம் பேசினார். பன்றி இறைச்சி வைக்கக் கூடாது என்பதற்கே இரண்டு கூட்டம் போனது. 'நத்தார்க் கொண்டாட்டம்' என்று தமிழில் அழைப்பு எழுதி, பஸ் ஏறி வீடு வீடாகப் போய்க் கொடுத்தார். எல்லோரும் "ஓம், பாப்பம்" என்றார்கள்.

அன்று ஒருவரும் வரவில்லை. இருக்க ஆளில்லாத நாற்பது கதிரை, ஒரு பானை சொதி, நாங்கள் மூன்று பேர். மண்டபம் பூட்ட வந்த குழுவினர் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

மறுநாள், அக்கா அழைப்புக் கொடுத்திருந்த, எப்சமில் இருந்த யோகம் மாமியின் வீட்டுக்குப் போனேன். ஏசத்தான் போனேன். "வாறதெண்டா வாறதெண்டு சொல்லுங்கோ, இல்லையெண்டா இல்லையெண்டு சொல்லுங்கோ. அதென்ன பாப்பம்?" என்று கேட்டேன்.

"பிள்ளை, என்ர மகன் செத்து இன்னும் வருசம் திரும்பேல்லை, ஆட்டைத்திவசம் முடியேல்லை. நான் எப்பிடிக் கொண்டாட்டத்துக்கு வாறது? நீங்கள் அழைப்புக் குடுத்த வீடுகளில சாவில்லாத வீடு எது, சொல்லுங்கோ பாப்பம்."

வந்து அக்காவிடம் சொன்னேன். அடுப்பை நிறுத்திவிட்டு நிலத்தில் இருந்துவிட்டார்.

"என்ர பிழையடி. ஊரிலயெண்டா கேட்டறியாமல் ஒரு வீட்டுப் படி ஏறியிருப்பனே? வருசம் திரும்பாத வீட்டுக்குப் போய்க் கொண்டாட்டம் எண்டு சொல்லியிருக்கிறன்."

அடுத்த ஆண்டு குழுவிடம் மறுபடி போனார். கொண்டாட்டம் வேண்டாம், முதலில் இறந்தவர்களின் பெயரைச் சொல்லி ஆளுக்கொரு மெழுகுதிரி, பிறகு சாப்பாடு என்றார். "பிள்ளைகள் வருகிற நாளில் சாவைப் பற்றிப் பேசுவதா?" என்று குழுத் தலைவி கேட்டார். நான் மேசையில் அடித்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த அம்மையாருக்கு அமைதியாகப் பதில் சொன்னார்: மரியாளும் யோசேப்பும் பச்சைப் பிள்ளையோடு ஊரை விட்டு ஓடியவர்கள், அவர்களுக்கு யாரும் கேக் வெட்டவில்லை. குழு மண்டபத்தைத் தந்தது.

அக்கா மறுபடி வீடு வீடாகப் போனார். இம்முறை அழைப்புத் தாள் கொண்டு போகவில்லை. "உங்கட ஆக்களுக்கு ஒரு விளக்குக் கொளுத்துவம், வாங்கோ" என்று மட்டும் சொன்னார்.

முதலில் வந்தவர் யோகம் மாமி. மகனின் படம் கையில் இருந்தது. அவருக்குப் பின்னால் வாசல் நிறைந்துவிட்டது. இருபது மெழுகுதிரிதான் வாங்கியிருந்தோம். சொல்லச் சொல்லப் பெயர்கள் முடியவில்லை. அக்கா குசினிக்குப் போய்ப் பாண் வெட்டும் கத்தியை எடுத்துவந்து, மெழுகுதிரி ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டினார். எல்லோருக்கும் பாதி பாதி வந்தது. பிறகு இடியப்பமும் சொதியும் சாப்பிட்டோம். அந்தக் குழுத் தலைவி கோப்பை கழுவினார். அதையும் சொல்ல வேண்டும். அதன் பிறகு ஆண்டுதோறும் அப்படியே நடந்தது.

போன கார்த்திகையில் அக்கா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். நாலு கிழமையில் நத்தார் வந்தது. நான் போவதில்லை என்றிருந்தேன். யோகம் மாமி வாசலில் வந்து நின்றார்.

"வெளிக்கிடு பிள்ளை."

"எங்கட வீடு இப்ப செத்தவீடு மாமி."

"செத்தவீட்டுக்காரரைத்தானே உன்ர அக்கா கூப்பிட்டவ?"

மண்டபத்தில் பெட்டி பெட்டியாக மெழுகுதிரி இருந்தது. இருந்தும் மாமி ஒன்றை எடுத்து, கத்தியால் வெட்டி, பாதியை என்னிடம் தந்தார். அக்காவின் பெயரைச் சொல்லிக் கொளுத்தினேன்.

நோயில் அக்காவைக் கழுவித் துடைத்த தாதியருக்கும், முப்பத்தொரு நாளும் எங்கள் அடுப்பு எரியாதபடி சாப்பாடு கொண்டுவந்த வீடுகளுக்கும், தேவாலயத்தாருக்கும் நன்றி. யாரையாவது ஏசியிருந்தால் அக்காவுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நத்தாருக்கும் மண்டபம் திறந்திருக்கும். வருசம் திரும்பாத வீட்டுக்காரர் முன்வரிசையில் இருக்கலாம். உங்கள் வீட்டுக்கு நான்தான் வந்து சொல்லுவேன். தயவுசெய்து என்னிடம் "பாப்பம்" என்று சொல்லாதீர்கள்.