அக்கா எல்லோரிடமும் கேட்ட கேள்வி

அக்கா மறைந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். நல்லதைத்தான் எழுதப்போகிறேன். ஆனால் அவருக்கு வந்த நோயைக் 'கடைசிக் காலத்தில் சற்று உடல்நலக் குறைவு' என்று பூசி மெழுக மாட்டேன். அப்படிச் செய்தால் அக்கா என்னைச் சும்மா விடமாட்டார்.

அக்கா பிறந்தது அடி அண்ணாமலையில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை பயிரிடும் குடும்பத்தில். மலைக்கு மேற்கே இருக்கும் ஊர் என்பதால் எங்களுக்குச் சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து ஏறி வரும். டவுனில் வெயில் ஏறிய பிறகுதான் எங்கள் வாசலில் வெளிச்சம் விழும். அக்கா நர்சிங் படித்துக்கொண்டிருந்தபோது அம்மாவுக்கு மறதி நோய் வந்தது. முதலில் அடுப்பை மறந்தார், பிறகு எங்களை மறந்தார். யாராவது வந்தால் அப்பா அம்மாவை உள்ளறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிடுவார். "தூங்குறாங்க" என்று சொல்லிவிடுவார். உள்ளே அம்மா கூப்பிடுவது வந்தவர்கள் காதிலும் விழும். கேட்காத மாதிரி காப்பி குடிப்பார்கள். அக்காவால் அதைப் பொறுக்கவே முடியவில்லை. முதியோரின் மனநலத்தைத் தன் ஆராய்ச்சியாக அவர் எடுத்துக்கொண்டதற்கு அந்தக் கதவுதான் காரணம்.

முதியோருக்கு மனநல மருத்துவம் போய்ச் சேருகிறதா என்று ஊர் ஊராக விசாரிப்பது அவர் வேலை. சென்னையில் தயாரான கேள்விகள் தேதி என்ன, கிழமை என்ன என்று கேட்டன. நல்ல நினைவோடு இருப்பவர்களே அதற்குத் திருதிருவென்று விழித்தார்கள். ஒருநாள் அடி அண்ணாமலையில் கற்பூரக் கடை வைத்திருந்த பெரியவரிடம், "இங்க சூரியன் எந்தப் பக்கம்ங்க வரும்?" என்று பேச்சுவாக்கில் கேட்டார்.

"மலைக்கு எதுத்தாப்புல வந்து, சாயங்காலம் அதுக்குள்ள போவும். இதுகூடத் தெரியாம இன்னா படிச்சியோ!"

பக்கத்தில் நின்ற மருமகள் சிரித்தார். "மாமாவுக்கு நக்கல் ஜாஸ்திங்க மேடம்." அக்காவும் சிரித்துவிட்டு வந்துவிட்டார்.

பெரியவர் நக்கல் செய்யவில்லை. அவர் பிறந்தது மலைக்குக் கிழக்கே, டவுனில்; அங்கேதான் சூரியன் மலைக்குள் இறங்கும். சில நாளில், ஒரு மத்தியானம் கடையை அப்படியே போட்டுவிட்டுப் பிறந்த வீட்டைத் தேடிக் கிளம்பிவிட்டார். அந்த வீடு இடிந்து லாட்ஜாகி எவ்வளவோ காலமாகிறது. வெயிலில் லாட்ஜ் வாசலில் விழுந்து கிடந்தவரை மருமகள்தான் போய்த் தூக்கினார். பிழைக்கவில்லை.

அதிலிருந்து அக்கா போகிற வீட்டிலெல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்டார். மறதி முற்றினால் மலை, பிறந்த வீட்டில் பார்த்த பக்கத்துக்கே திரும்பிவிடும் என்பார். பதில் மாறினால் அன்றே வீட்டாரிடம் சொல்வார். "வயசானா அப்படித்தாங்க" என்பவர்களை ஒரு பிடி பிடிப்பார். ஊர் சுகாதார நிலையத்துக்கு மாதந்தோறும் மனநல மருத்துவர் வருவது அக்கா நடையாய் நடந்ததால்தான்.

திருமணம் செய்துகொள்ளாத அக்கா, மலைக்குக் கிழக்கே வேங்கிக்காலில் எங்களோடு இருந்தார். இங்கிருந்து பார்த்தால் சூரியன் மலைக்குள் இறங்கும். ஒரு மாலை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். மலைமேல் சிவந்திருந்த சூரியனைப் பார்த்து அக்கா சொன்னார்: "விடிஞ்சிடுச்சு பாருடி. பால்காரர் வந்துட்டாரா?"

எடுத்த துணியை அப்படியே கொடியில் விட்டுவிட்டுத் திரும்பினேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கே புரிந்துவிட்டது. மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பா சொல்லிட்டேனா?"

"ஆமாக்கா."

"மறைக்காம சொன்னியே, அது போதும். இனிமே ஜாஸ்தியாவும். என்னை உள்ள வச்சுக் கதவை மட்டும் சாத்திடாதடி."

சாத்தவில்லை. கூடத்திலேயே கட்டில் போட்டோம். வந்தவர்களைத் திட்டினார், தட்டை வீசினார். சில உறவினர்கள் வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். அவர்களுக்கும் இந்த மலர் வரும், படிக்கட்டும். கடைசியில் நெஞ்சில் சளி கட்டி, என்னை 'அம்மா' என்று கூப்பிட்டபடியே அக்கா காலமானார்.

அவரைக் குளிப்பாட்டித் தலைவாரிவிட்ட செவிலியர் தோழிகளுக்கும், அவர் திட்டத் திட்ட வாராவாரம் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த, அந்தப் பெரியவரின் மருமகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னொன்று. சென்ற வாரம் மாடியில் மலைமேல் சிவந்திருந்த சூரியனைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து கோலமாவு டப்பாவை எடுத்தேன். "பொழுது போற நேரத்துல இன்னா கோலம்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நானும் அடி அண்ணாமலையில் பிறந்தவள்தான்.

ஆகவே, நினைவு நாளுக்கு வருகிறவர்கள் சாப்பிட்டதும் கிளம்பிவிடாதீர்கள். சூரியன் எந்தப் பக்கம் வரும் என்று என்னையும் கேளுங்கள். பதில் மாறியிருந்தால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுங்கள்.